வேலை வயது மக்கள்தொகையும் உழைப்பாளர் படையும்: பருவச் சீராக்கம் எதை நீக்குகிறது?

ஈரோட்டில் முதுகலைப் பொருளியல் படிக்கும் மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டிற்காக மூன்று ஐயங்களை எழுப்பியிருக்கிறார். அமெரிக்கப் புள்ளிவிவர அட்டவணைகளில் பருவச் சீராக்கம் செய்தது, செய்யாதது என இரண்டு பத்திகள் இருந்தும், வேலை வயது மக்கள்தொகைக்கு மட்டும் இரண்டிலும் ஒரே எண் நிற்பது ஏன் என்பது முதல் ஐயம். 2025 ஏப்ரலில் 5.1 விழுக்காடாக இருந்த இந்திய வேலையின்மை விகிதம் மே மாதத்தில் 5.6 விழுக்காடு ஆனதை வேலையிழப்பு என்று எழுதலாமா என்பது இரண்டாவது. கொங்கு மாவட்டங்களின் வேலைவாய்ப்பைப் பற்றி எழுதும்போது சீராக்கிய எண்ணைத் தேடுவதா, சீராக்காத எண்ணோடு நிற்பதா என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

பருவச் சீராக்கம் என்பது ஆண்டுதோறும் அதே மாதத்தில் திரும்பி வரும் ஏற்ற இறக்கத்தை எண்ணிலிருந்து நீக்குவது. முதலில், அது விடை சொல்வது ஒரே ஒரு கேள்விக்குத்தான் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: இந்த மாதத்தில் நடந்தது, வழக்கமாக இதே மாதத்தில் நடப்பதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது? மே மாதத்தில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருந்தார்கள் என்ற கேள்விக்குச் சீராக்காத எண்தான் விடை. இரண்டு கேள்விகளையும் கலந்துவிடுவதால்தான் பத்திரிகைகளில் பாதிக் குழப்பம் வருகிறது.

வேலை வயது மக்கள்தொகை என்பது ஒரு வயது வரம்புக்குள் இருக்கும் எல்லாரையும் எண்ணுவது. அவர் வேலைக்குப் போகிறாரா, வீட்டில் இருக்கிறாரா, கல்லூரியில் படிக்கிறாரா என்பது இங்கே பொருட்டில்லை. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 15 முதல் 64 வயது வரை எடுத்துக்கொள்கிறது. நம் நாட்டு மக்கள்தொகை ஆய்வுகளில் 15 முதல் 59 வரை என்பது பழகிய வரம்பு. மத்திய புள்ளியியல் அமைச்சகம் நடத்தும் காலமுறை உழைப்பாளர் படை ஆய்வு, அதாவது பிஎல்எஃப்எஸ், பெரும்பாலும் 15 வயதும் அதற்கு மேலும் என்று மேல்வரம்பின்றிக் கணக்கிடுகிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகமோ 16 வயதில் தொடங்குகிறது. ராணுவத்தில் இருப்பவரையும் சிறை, முதியோர் காப்பகம் போன்ற நிறுவனங்களில் இருப்பவரையும் விட்டுவிடுகிறது. ஆகவே ஓஇசிடி வழி வரும் அமெரிக்க எண் சுமார் 21 கோடியாகவும், பணியகத்தின் எண் சுமார் 27 கோடியாகவும் இருப்பதில் முரண் ஏதுமில்லை. மேல்வரம்பு ஒன்றில் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை.

இந்தக் கூட்டத்திற்குள் ஒருவர் நுழைவது பிறந்தநாள் வழியாக. வெளியேறுவது வயது வரம்பைத் தாண்டுவதாலோ இறப்பாலோ. குடிபெயர்வு இரு பக்கமும் சேரும். 2010இல் பிறந்த குழந்தைகள் 2025இல் பதினைந்தைத் தொடுகிறார்கள். அவர்கள் ஆடியில் பிறந்தார்களா மாசியில் பிறந்தார்களா என்பதால் மாதந்தோறும் சேரும் தொகை சற்றே மாறலாம். ஆனால் கோடிக்கணக்கான மொத்தத்தில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அதிலும் இந்த எண் மாதந்தோறும் தலைகளை எண்ணி வருவதன்று. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து முன்னோக்கி நகர்த்திய மதிப்பீடு அது; இயல்பிலேயே வழவழப்பாக ஏறும் கோடு. நீக்குவதற்குப் பருவமே இல்லாத தொடரில் எதை நீக்குவது? அமெரிக்கப் பணியகம் தன் அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே, மக்கள்தொகை எண்கள் பருவத்திற்காகச் சீராக்கப்படுவதில்லை, அதனால் இரு பத்திகளிலும் ஒரே எண் இருக்கும் என்று எழுதிவிடுகிறது. உங்கள் முதல் ஐயத்திற்கு விடை அவ்வளவுதான்.

அந்தத் தொடரில் வேறொரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. ஒவ்வொரு ஜனவரியிலும் புதிய மக்கள்தொகை மதிப்பீட்டைப் பணியகம் புகுத்துகிறது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களைத் திருத்துவதில்லை. 2025 ஜனவரியில் குடியேற்றக் கணக்கைத் திருத்தியதன் விளைவாக வேலை வயது மக்கள்தொகை ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் கூடியது. உழைப்பாளர் படை சுமார் 21 லட்சம் கூடியது. அத்தனை பேர் அந்த மாதத்தில் வந்து இறங்கவில்லை. முன்பே இருந்தவர்கள் அப்போதுதான் கணக்கில் ஏறினார்கள். இது பருவமும் அன்று, உண்மையான வளர்ச்சியும் அன்று. எந்தச் சீராக்கமும் இதைத் தீர்க்காது. நமக்கும் இது வரப்போகிறது. இன்று நாம் கையாளும் மக்கள்தொகை மதிப்பீடுகள் 2011 கணக்கெடுப்பின் மேல் நிற்பவை; 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பின் முடிவுகள் வந்ததும் அடித்தளம் மாறும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து திருப்பூரிலும் கோவையிலும் பல ஆண்டுகளாகத் தங்கியிருப்பவர்கள் அப்போது எந்த ஊர்க் கணக்கில் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்து, நம் மாவட்டங்களின் வேலை வயது மக்கள்தொகை ஒரு படி தாவக்கூடும். அந்தத் தாவலை எதிர்பார்த்தே உங்கள் ஆய்வேட்டை எழுதுங்கள்.

உழைப்பாளர் படை வேறு வகை. அது வேலையில் இருப்பவரையும் வேலை தேடுபவரையும் கூட்டி வரும் தொகை. வேலையும் இல்லை, தேடவும் இல்லை என்றால் அவர் வேலையற்றவர் அல்லர். படைக்கு வெளியே இருப்பவர். வேலையின்மை விகிதத்தின் கீழெண், அதாவது வகுக்கும் எண், மக்கள்தொகை அன்று, உழைப்பாளர் படை. ஆகவே பருவம் இந்த விகிதத்தை இரண்டு பக்கமிருந்தும் அசைக்கிறது: மேலே வேலை தேடுவோர் எண்ணிக்கை மாறுகிறது, கீழே படையின் அளவே மாறுகிறது.

கொங்கு நாட்டில் இது எப்படி நடக்கிறது என்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதியில் வீட்டோடு நாலைந்து விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெசவு ஓட்டும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் தறி ஓட்டுகிறார்; மனைவி தார் சுற்றுகிறார், அதாவது நாடாவுக்கான குறுக்கு நூலைச் சுற்றித் தருகிறார், இடையில் அறுந்த இழையை எடுத்துக் கட்டுகிறார். பிஎல்எஃப்எஸ் கணக்கில் அந்தப் பெண் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர்; அதாவது வேலையில் இருப்பவர். பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள்நூல், வராமல் தறி நாலு வாரம் நின்றுவிட்டது என்று வைப்போம். கணவர் வேறு பட்டறையில் வேலை கேட்டால் அவர் வேலையற்றவராகப் பதிவாவார். மனைவியிடம் கேட்டால், வீட்டு வேலை பார்க்கிறேன் என்பார். அவர் படையை விட்டே வெளியேறிவிட்டார். ஒரு வீட்டில் இரண்டு பேர் வேலை இழந்தும் வேலையின்மைக் கணக்கில் ஏறுவது ஒருவர் மட்டுமே. பாவு வந்ததும் இருவரும் திரும்பி வருவார்கள்.

இதையே மஞ்சள் காட்டிலும் காணலாம். வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சளைத் தை முதல் பங்குனி வரை வெட்டி, வேக வைத்து, காய வைத்து, மெருகேற்றிச் சந்தைக்குக் கொண்டுவரும் வேலையில் பெண் கூலியாட்கள் ஏராளம். அந்தப் பருவம் முடிந்ததும் அவர்களில் பலர் வேலை தேடுபவராக மாறுவதில்லை. ஆடு மாடு பார்த்துக்கொண்டு அடுத்த பட்டத்திற்குக் காத்திருக்கிறார்கள். கீழ்பவானிப் பாசனத்தில் முதல் போகத்திற்கு வழக்கமாக ஆகஸ்ட் 15ஐ ஒட்டி வாய்க்காலில் தண்ணீர் திறப்பார்கள். மொத்தம் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டில் பாதிக்கு அப்போது நன்செய்ப் பாசனம், மறுபாதிக்கு ஜனவரி முதல் புன்செய்ப் பாசனம். எந்த ஆண்டு எந்தப் பாதி என்பது முறை மாறி வருவதால், ஒரே ஊரின் நடவுக் காலம் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றாக இருக்காது. பன்னிரண்டு மாதச் சுழற்சியை மட்டும் தேடும் சீராக்க முறைக்கு இப்படிப்பட்ட இரண்டாண்டுச் சுழற்சி பிடிபடுவதில்லை. ஆயக்கட்டு முழுவதையும் சேர்த்து எடுத்தால் இரு பாதிகளும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும்; ஒரு கிராமத்தை மட்டும் எடுத்தால் செய்யாது.

சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் குச்சிக்கிழங்கு அறுவடையோடு ஓடி, கிழங்கு தீர்ந்ததும் அடங்குகின்றன. கவுந்தப்பாடிப் பக்கத்தில் கருப்பஞ்சாறு காய்ச்சும் ஆலைக் கொட்டகைகளில் பொங்கலுக்கு முன் அடுப்பு அணைவதில்லை. கோவைப் பம்புத் தொழிலுக்குக் கோடைக்கு முன்பே கை நிறைய வேலை. நூற்பாலைகள் மூன்று ஷிப்டிலும் ஆண்டு முழுக்க ஓடுவதால் அவற்றில் பருவம் மெலிந்தது. மே, ஜூனில் பொறியியல், கலைக் கல்லூரிகளிலிருந்து ஒரு பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் வேலை தேடி வெளியே வருகிறது; அது கல்விக்கூடத்து நாட்காட்டி உண்டாக்கும் பருவம், வானிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆக, கொங்கு நாட்டில் ஒரே பருவம் இல்லை. பல பருவங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடுகின்றன. காவிரிப் படுகையில் நெல்லின் நாட்காட்டி ஏறத்தாழ எல்லாரையும் ஒன்றாக ஏற்றி இறக்கும். இங்கே ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுவதால், மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்குப் பருவமே இல்லாததுபோல் தோன்றும். உள்ளே ஆட்கள் தொழில் விட்டுத் தொழில் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

சீராக்கும் வேலை நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதற்கு வருவோம். இன்று உலகெங்கும் கையாளப்படும் முறைகளில் பெருவழக்கானது, அமெரிக்கக் கணக்கெடுப்புப் பணியகத்தில் ஜூலியஸ் ஷிஸ்கினும் அவருடைய குழுவினரும் 1965இல் வெளியிட்ட எக்ஸ்-11 என்னும் முறையின் வழிவந்தது. கனடாப் புள்ளிவிவரத் துறையில் எஸ்டெலா பீ டாகும் அதில் அரிமா என்னும் காலத்தொடர் முன்கணிப்பைச் சேர்த்தார். பின்னர் ஸ்பெயின் மத்திய வங்கியில் உருவான சீட்ஸ் முறையும் இணைந்து, இப்போது எக்ஸ்-13 அரிமா-சீட்ஸ் என்ற பெயரில் வழங்குகிறது. பெயர் மிரட்டினாலும் உள்ளே இருக்கும் கருத்து எளிது. ஒரு மாதத்தைச் சுற்றி ஓர் ஆண்டு அளவுக்கு நகரும் சராசரி எடுத்தால், அதில் பன்னிரண்டு மாதங்களும் இடம்பெறுவதால் பருவம் தானே கரைந்து போக்கு மட்டும் மிஞ்சும். அசல் எண்ணை அந்தப் போக்கால் வகுத்தால் பருவமும் தற்செயல் அசைவும் சேர்ந்த விகிதம் கிடைக்கும். அந்த விகிதத்தை ஒவ்வோர் ஆண்டின் மே மாதத்திற்கும் எடுத்துச் சராசரி கண்டால் தற்செயல் அசைவு அடங்கி, மே மாதத்தின் பருவக் காரணி வரும். அசல் எண்ணை அந்தக் காரணியால் வகுப்பதுதான் சீராக்கம். உண்மையான கணினி நிரல் இதையே இரண்டு மூன்று சுற்று, இன்னும் நுணுக்கமான எடைகளோடு செய்கிறது.

கணக்குக்காக மட்டும் ஒரு வட்டாரத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மே மாதத்தில் வேலையில் இருப்போர் 56,840, வேலை தேடுவோர் 3,360. உழைப்பாளர் படை 60,200. சீராக்காத வேலையின்மை 5.6 விழுக்காடு. முந்தைய ஆண்டுகளின் பதிவிலிருந்து, மே மாதத்தில் வேலையில் இருப்போர் போக்கைவிட 2 விழுக்காடு குறைவாகவும், வேலை தேடுவோர் 5 விழுக்காடு கூடுதலாகவும் இருப்பது வழக்கம் என்று தெரிகிறது; அதாவது காரணிகள் 0.98, 1.05. வகுத்தால் சீராக்கிய வேலை எண்ணிக்கை 58,000. சீராக்கிய வேலையின்மை எண்ணிக்கை 3,200. இரண்டையும் கூட்டினால் 61,200. அதுவே சீராக்கிய உழைப்பாளர் படை. விகிதம் 5.2 விழுக்காடு. இங்கே உழைப்பாளர் படையை நேரடியாகச் சீராக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பகுதிகளைச் சீராக்கிக் கூட்டினோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகமும் இப்படித்தான் செய்கிறது: வயதாலும் பாலினத்தாலும் பிரித்து, வேலையில் இருப்போரில் வேளாண்மை, பிற துறை என மேலும் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே சீராக்கி, கடைசியில் கூட்டுகிறது. கோடை விடுமுறையில் வேலைக்குப் போகும் பதின்வயதினரின் பருவமும் நடுவயதினரின் பருவமும் வேறு வேறாக இருப்பதே அதற்குக் காரணம். கொங்கு நாட்டுக்கு என்றாவது இப்படி ஒரு தொடர் அமைத்தால், தறி, பனியன், வேளாண்மை, இயந்திரத் தொழில் எனப் பிரித்துச் சீராக்கிக் கூட்டுவதே முறை என்பது என் துணிபு. மொத்தத்தை நேரடியாகச் சீராக்கினால், ஒன்றையொன்று மறைத்துக்கொண்ட பருவங்களை நிரல் காணவே காணாது.

தொடரின் நடுவில் நகரும் சராசரிக்கு இரு பக்கமும் மாதங்கள் இருக்கும். கடைசி மாதத்திற்கு முன்பக்கம் மட்டுமே இருக்கும். பின்பக்கத்தை முன்கணிப்பால் நிரப்புகிறார்கள். உண்மை எண்கள் வந்ததும் முன்கணிப்பு மாறும். அதனோடு பழைய சீராக்கிய எண்ணும் மாறும். அமெரிக்கப் பணியகம் ஆண்டு இறுதியில் கடந்த ஐந்தாண்டுக்கான சீராக்கிய எண்களைத் திருத்துவது இதனால்தான். சீராக்காத வீட்டாய்வு எண்கள் அப்படி மாறுவதில்லை. சீராக்கிய எண்ணை மேற்கோள் காட்டும்போது அது எந்த மாதம் எடுத்த பதிப்பு என்று குறிப்பது ஆய்வாளரின் கடமை.

இனி உங்கள் இரண்டாம் ஐயம். பிஎல்எஃப்எஸ் ஆய்வு 2017இல் தொடங்கியது. 2025 ஜனவரியில் அதன் வடிவம் மாற்றப்பட்டு, நாடு முழுமைக்கும் மாத மதிப்பீடுகள் வரத் தொடங்கின. முதல் மாத அறிக்கை 2025 மே 15 அன்று, ஏப்ரல் மாதத்திற்காக வெளிவந்தது. இந்த மாத எண்கள் நடப்பு வார நிலை என்னும் அளவுகோலில் அமைந்தவை: ஆய்வு நாளுக்கு முந்தைய ஏழு நாட்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர் வேலையில் இருப்பவர். அவை பருவத்திற்காகச் சீராக்கப்பட்டவை அல்ல. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வேலையின்மை விகிதம் 5.1, 5.6, 5.6. பங்கேற்பு விகிதம், அதாவது 15 வயதுக்கு மேற்பட்ட மக்களில் உழைப்பாளர் படையில் இருப்போர், 55.6, 54.8, 54.2. வேலையில் இருப்போர் அதே மக்களில் 52.8, 51.7, 51.2.

விழுக்காட்டை ஆளாக மாற்றிப் பார்த்தால் விளங்கும். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேரில் ஏப்ரலில் வேலையில் இருந்தவர் 528, தேடியவர் 28. மே மாதத்தில் 517, 31. ஜூனில் 512, 30. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே வேலையில் இருந்தவர் ஆயிரத்துக்கு 16 குறைந்திருக்கிறார்கள். வேலை தேடுவோர் கூடியதோ 2 மட்டுமே. மீதி 14 பேர் படைக்கு வெளியே போய்விட்டார்கள். மேலே சொன்ன தார் சுற்றும் பெண்ணும் மஞ்சள் வெட்டிய பெண்ணும் இந்தப் பதினான்கில்தான் இருப்பார்கள். மே மாதத்திலிருந்து ஜூனுக்கு வேலையின்மை விகிதம் அசையவே இல்லை. அதைப் பார்த்து நிலைமை நிலைத்தது என்று எழுதியவர்கள், கீழெண் சுருங்கியதைக் கவனிக்கவில்லை. ஆகவே, இதை வேலையிழப்பு என்று எழுதலாமா என்றால், வேலையில் இருந்தோர் குறைந்தனர் என்று எழுதலாம், அது உண்மை. பொருளாதாரம் சரிந்தது என்று எழுத முடியாது. ரபி அறுவடை, அதாவது குளிர்காலப் பயிரின் அறுவடை, முடிந்ததும் கோடை வெயிலும் சேர்ந்து வட இந்தியக் கிராமங்களில் கூலி வேலை குறைவது ஆண்டுதோறும் நடப்பது. அமைச்சகமும் பருவக் காரணங்களையே சுட்டியது. ஆகஸ்டில் வேலையின்மை மீண்டும் 5.1 ஆகவும், பங்கேற்பு 55.0 ஆகவும் வந்தது அந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது.

ஆனால் ஒத்துப்போவது வேறு, நிறுவுவது வேறு. ஓர் ஆண்டின் ஏற்ற இறக்கத்தை வைத்து எது பருவம், எது அந்த ஆண்டுக்கு மட்டும் உரியது என்று பிரிக்க முடியாது. எக்ஸ்-13 நிரலுக்குக் குறைந்தது மூன்றாண்டுத் தொடர் வேண்டும். நம்பத்தக்க காரணிகளுக்கு ஐந்தாண்டாவது வேண்டும். நகர்ப்புறத்திற்கான காலாண்டு எண்கள் 2018 முதல் இருக்கின்றனவே, அவற்றைக் கொண்டு சீராக்கலாமே என்று சிலர் முயல்கிறார்கள். அதன் நடுவே 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டு நிற்கிறது. ஊரடங்கால் நகர்ப்புற வேலையின்மை 20.9 விழுக்காட்டுக்குப் போன காலாண்டு. அதைக் கவனமாக விலக்காவிட்டால், ஏப்ரல்-ஜூன் என்றாலே வேலையின்மை மிகும் பருவம் என்று நிரல் கற்றுக்கொண்டு, பின்வரும் ஆண்டுகளின் அந்தக் காலாண்டை அளவுக்கு மீறிக் குறைத்துக் காட்டும். அமெரிக்காவிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. வாராந்திர வேலையின்மை நிவாரணக் கோரிக்கைகள் பல மடங்கு பெருகியபோது, விகிதத்தால் வகுக்கும் முறை பருவ விளைவையும் பல மடங்கு ஊதிக் காட்டியதால், 2020 ஆகஸ்ட் இறுதியில் அந்நாட்டுத் தொழிலாளர் துறை, காரணியால் வகுப்பதை விட்டுவிட்டுக் கூட்டிக் கழிக்கும் முறைக்கு மாறியது. தவிர, 2025இல் நம் ஆய்வின் மாதிரி வடிவமே மாறியிருப்பதால், பழைய காலாண்டுத் தொடரின் வாலில் புதிய தொடரை ஒட்டுவது சரியன்று.

அப்படியானால் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் போதும், தீபாவளியை மட்டும் நினைவில் வைத்தால். பொங்கல் சூரியக் கணக்கில் வருவதால் எந்த ஆண்டும் ஜனவரி நடுவில்தான். ஆடிப்பெருக்கும் ஆகஸ்ட் தொடக்கத்தை விட்டு நகராது. ஆடிப்பட்டம் தேடி விதைப்பவருக்கு ஆங்கில மாதம் தடையே இல்லை. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. ரமலானோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வந்து எல்லா மாதங்களையும் சுற்றிவரும்.

திருப்பூரில் இதன் விளைவு சாதாரணமானதன்று. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பனியன் கம்பெனிகளில் கட்டிங் முதல் பேக்கிங் வரை இரவு ஷிப்ட் ஓடும்; உள்நாட்டு வியாபாரத்தின் உச்சம் அது. போனஸ் வாங்கியதும் தென் மாவட்டத்தார் ஊருக்குப் பேருந்து ஏறுவார்கள். வடமாநிலத்தவரில் பீகார், ஜார்க்கண்ட் பக்கத்தவர், தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சத் பூஜையையும் முடித்துக்கொண்டுதான் திரும்புவார்கள். அந்த இடைவெளியில் பல யூனிட்டுகளில் பவர் டேபிள்கள் எனப்படும் தையல் எந்திர மேசைகள் துணி மூடிக் கிடக்கும். மாதச் சம்பளக்காரர் விடுப்பில் போனால், வேலை இருந்தும் அந்த வாரம் வேலை செய்யாதவர் என்ற வகையில் வேலையில் இருப்பவராகவே பதிவாவார். அன்றாடக் கூலியாகப் பதிவாகும் ஜாப் ஒர்க் தொழிலாளிக்கு அந்தச் சலுகை இல்லை. அந்த வாரம் அவர் வேலையில் இல்லாதவர். ஒரே தையல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் வேறு வேறு கட்டங்களில் விழுகிறார்கள்.

இப்போது 2025 அக்டோபரையும் 2026 அக்டோபரையும் ஒப்பிடுங்கள். முன்னதில் 20 ஆம் தேதி தீபாவளி. மாதத்தின் முதல் பாதி உச்சம், பின்பாதி வெறிச்சோடிய காலம். பின்னதில் மாதம் முழுக்க உச்சம், வெறிச்சோடுவது நவம்பரில். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பீடு அக்டோபரில் பெரும் முன்னேற்றத்தையும், நவம்பரில் பெரும் சரிவையும் காட்டும். இரண்டும் பஞ்சாங்கம் செய்த வேலை. பிஎல்எஃப்எஸ் மாதம் முழுவதும் பரவலாக நடப்பதால் இந்த இடமாற்றம் அதில் அப்படியே பதியும். அமெரிக்க ஆய்வு 12 ஆம் தேதி அடங்கிய வாரத்தை மட்டுமே கேட்பதால், அங்கே விழா அந்த வாரத்தில் விழுந்ததா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. நகரும் விழாக்களுக்கென்று தனி மாறிகள் வைத்துச் சீராக்க நிரல்களில் வழி உண்டு. நம் ரிசர்வ் வங்கி தன் மாத இதழில் பணம், விலை, உற்பத்தித் தொடர்களுக்குப் பருவக் காரணிகளை நெடுங்காலமாக வெளியிட்டு வருகிறது. ஆகவே நாட்டில் இந்தக் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. குறைவது மாத உழைப்பாளர் தொடரின் நீளம் மட்டுமே.

மூன்றாம் ஐயத்திற்கு வருகிறேன். மாவட்ட அளவில் மாதந்தோறும் வரும் உழைப்பாளர் எண் இன்று கிடையாது. மாத அறிக்கை அகில இந்தியாவுக்கானது. அதை எடுத்து ஈரோட்டுக்கோ கரூருக்கோ பொருத்துவது தவறு, ஏனென்றால் மேலே கண்டபடி நம் பருவங்கள் கங்கைச் சமவெளியின் பருவங்கள் அல்ல. அங்கே மே மாதம் ஓய்ந்திருக்கும்போது இங்கே காற்றுக் காலம் தொடங்கி, கேரளத்து மழை பாலக்காட்டுக் கணவாய் வழியே பொள்ளாச்சியைத் தொடக் காத்திருக்கும்.

ஆய்வேட்டில் நான் செய்யச் சொல்வது இது. வேலையின்மை விகிதத்தைத் தனியே தராதீர்கள்; அதனோடு பங்கேற்பு விகிதத்தையும், மக்கள்தொகையில் வேலையில் இருப்போர் விகிதத்தையும் ஒரே வரியில் தாருங்கள், ஆண், பெண் பிரித்து. முடிந்த இடத்தில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று மாற்றிக் காட்டுங்கள். கீழெண் சுருங்கும் தந்திரம் அப்போது ஒளிய முடியாது. ஆண்டு எண்களை ஒப்பிடும்போது பருவம் தானாக நீங்கிவிடுகிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு வழக்கமான நிலைக் கணக்கில் 2017-18இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24இல் 41.7 ஆனதைச் சொல்ல எந்தச் சீராக்கமும் தேவையில்லை. ஆனால் அந்த வழக்கமான நிலை ஓராண்டை அளப்பது. மாத அறிக்கையின் நடப்பு வார நிலையோடு அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள். அமெரிக்க எண்களோடு ஒப்பிடும் அத்தியாயத்தில் அவர்களுடைய சீராக்காத பத்தியையே எடுங்கள். ஒரு பக்கம் பருவம் நீக்கியதும் மறுபக்கம் நீக்காததும் நிற்கக்கூடாது. அக்டோபர், நவம்பர் இரண்டையும் எப்போதும் சேர்த்துச் சராசரியாக்கித் தாருங்கள். தீபாவளி அந்த இரண்டு மாதத்துக்குள் எங்கே விழுந்தாலும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கள ஆய்வு செய்வதாக இருந்தால், மாதிரியை ஒரே மாதத்தில் எடுத்து முடிக்காமல், தை, ஆடி, தீபாவளிக்கு முன், தீபாவளிக்குப் பின் என நான்கு முறை அதே வீடுகளுக்குப் போங்கள். கேள்வித்தாளில், இந்த வாரம் வேலை செய்தீர்களா என்பதோடு, சென்ற ஆண்டு இதே வாரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற ஒரு கேள்வியையும் சேருங்கள். தேதியைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் நினைவு வராது. நோன்பி எனப்படும் ஊர்த் திருவிழா, வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாள், போனஸ் வாங்கிய வாரம் என்று சொல்லிக் கேட்டால் வரும்.